‘ஆஃப்’ போட்டு கோக்கணுமா, பேரைப் பேரா அடுக்கணுமா? ஒரு தீசிஸ் தலைப்புக்காக உக்காந்து பாத்த கணக்கு

எனக்க அக்கா மக ரப்பர் பத்தி ஆராய்ச்சி பண்ணுதா. போன மாசம் அவளுக்க தலைப்பு கைடுகிட்ட இருந்து திரும்பி வந்துச்சு, தாள்ல ஆறு இடத்துல சிவப்பு மையில வட்டம், ஆறும் ‘ஆஃப்’ங்கிற வார்த்தை மேல. பக்கத்துல ஒரு குறிப்பும் இல்ல, வெட்டணுமா மாத்தணுமா எதுவும் எழுதல. பிள்ளை வெப்ராளத்துல நேரா எனக்க டிடிபி கடைக்கு வந்துட்டா. “மாமா, இருபது வருஷமா ஊர்க்காரங்களுக்கு இங்கிலீஷ்ல மனு அடிச்சு குடுக்கிய, இதுல எது தப்புன்னு சொல்லுங்க”ன்னு கேட்டா. வாசிச்சுப் பாத்தேன். இலக்கணப்படி ஒண்ணும் தப்பில்ல, ஆனா ஒரே மூச்சுல வாசிச்சு முடிக்க முடியல.

தலைப்பு இதுதான்: ‘எ ஸ்டடி ஆஃப் தி எஃபெக்ட் ஆஃப் தி யூஸ் ஆஃப் ரெயின் கார்ட்ஸ் ஆஃப் பாலிதீன் ஆன் தி யீல்ட் ஆஃப் லேடெக்ஸ் ஆஃப் ரப்பர் ட்ரீஸ் இன் ஸ்மால்ஹோல்டிங்ஸ் இன் விளவங்கோடு தாலுக்’.

விஷயம் ரொம்ப கொள்ளாம். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, மழை பெய்ஞ்சா பட்டை நனைஞ்சு ரப்பர் பால், அதான் லேடெக்ஸ், சிரட்டையில விழாம மரம் முழுக்க வழிஞ்சு போகும், அன்னைக்கு வெட்டு இல்ல, அதாவது பட்டைய கீறி பால் எடுக்க முடியாது, வெட்டு இல்லைன்னா கூலியும் இல்ல. வெட்டுப்பட்டைக்கு மேல பாவாடை மாதிரி பிளாஸ்டிக்க சுத்தி ஒட்டினா, அதத்தான் ரெயின் கார்டுன்னு சொல்லுதோம், மழை நாள்லயும் வெட்டலாம். அதனால சின்னத் தோட்டக்காரனுக்கு எவ்வளவு பால் கூடுதலா கிடைக்குன்னு இவ அளந்து பாக்கா. இவ்வளவு உருப்படியான வேலைக்கு தலைப்பு இப்படி மூச்சு வாங்கணுமான்னுதான் எனக்கு வருத்தம்.

அவளே தாளுக்குப் பின்னால இன்னொரு தலைப்பும் எழுதி வச்சிருந்தா. ‘ஆஃப்’ எல்லாத்தையும் தூக்கிட்டு, ‘விளவங்கோடு தாலுக் ஸ்மால்ஹோல்டிங் ரப்பர் லேடெக்ஸ் யீல்ட் பாலிதீன் ரெயின் கார்ட் எஃபெக்ட் ஸ்டடி’. மூணாவதா பென்சில்ல ஒண்ணு, ‘ஹௌ ரெயின் கார்ட்ஸ் சேஞ்ச் லேடெக்ஸ் யீல்ட்’னு பாதியில நிக்குது. ஆக மூணு வழி, அன்னைக்கு சாயங்காலம் கடைய பூட்டிட்டு ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தோம். பேரையும் பேரையும் எப்படி கோக்கன்னு முழிக்கிற ஆளு இங்க நிறைய உண்டு, புராஜெக்ட் அடிக்க வர்ற பிள்ளைங்க, லேபிள் போடுற குழுக்காரங்க, மனு எழுத வர்ற பெரியவங்க எல்லாரும். அதான் இங்க எழுதுதேன்.

முதல்ல நமக்கு ஏன் இது குழப்புதுன்னு பாக்கணும். தமிழ்ல முக்கியமான பேரு பெரும்பாலும் கடைசியிலதான் வரும். ‘தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம்’னு சொன்னா துறைமுகம்தான் விஷயம், முன்னால வர்றது எல்லாம் அதுக்கு அடையாளம். இங்கிலீஷ்ல ரெண்டு ரோடு உண்டு. பிரிபோசிஷன், அதான் ஆஃப், இன், ஆன், டு மாதிரி பேர கோக்குற சின்ன வார்த்தை, அதப் போட்டா முக்கியமானது முன்னால வந்துரும், போடாம அடுக்கினா நம்ம தமிழ் மாதிரியே கடைசியில வரும். கன்னியாகுமரி முனையில தெக்க பாத்து நின்னா இது கண்ணு முன்னாலயே கிடக்கு, இடது கைப்பக்கம் பே ஆஃப் பெங்கால், வலது கைப்பக்கம் அரேபியன் சீ, நேரா இந்தியன் ஓஷன். தமிழ்ல வங்காள விரிகுடா, அரபிக்கடல், இந்தியப் பெருங்கடல்னு மூணுக்கும் ஒரே வரிசை, ஊரு முன்னால தண்ணி பின்னால. இங்கிலீஷ்ல ஒண்ணு மட்டும் தலைகீழா திரும்பி நிக்குது. பே, கல்ஃப்னு வந்தா பெரும்பாலும் ஆஃப் போடுவாங்க, கல்ஃப் ஆஃப் மன்னாரும் அப்படித்தான், ஆனா ஹட்சன் பே மாதிரி அடுக்கினதும் இருக்கு. வழக்கத்துல எது நின்னுச்சோ அதுதான், இதுக்கு ரூல் தேடிப் போகக்கூடாது.

சரி, முதல் வழி. ‘ஆஃப்’.

1961ல அமெரிக்காவுல அச்சான எழுத்துல இருந்து 10 லட்சம் வார்த்தை எடுத்து பிரவுன் யுனிவர்சிட்டில ஒரு தொகுப்பு செஞ்சாங்க, அதுல ‘தி’க்கு அடுத்தபடி அதிகமா வந்த வார்த்தை ‘ஆஃப்’தான், ஏறக்குறைய 36,000 தடவை. அதாவது 28 வார்த்தைக்கு ஒண்ணு. அதனால ‘ஆஃப்’ போடுறதே கெட்டதுன்னு சொல்லுறவங்க பேச்ச கேக்க வேண்டாம். இங்கிலீஷுக்கு பழைய காலத்துல நம்மள மாதிரி பேருக்குப் பின்னால வேற்றுமை உருபு இருந்துச்சு, அது தேய்ஞ்சு போன பிறகு அந்த வேலைய எல்லாம் இந்த சின்ன வார்த்தை இழுத்துப் போட்டுக்கிட்டது, பிரெஞ்சுக்காரன் ‘ட’ன்னு ஒண்ணு வச்சிருந்ததும் அதுக்கு ஒரு காரணம். ‘ஆஃப்’பும் எதையாவது பிரிச்சு எடுக்கும்போது சொல்லுற இன்னொரு ‘ஆஃப்’பும், அதான் எஃப் ரெண்டு போடுவோமே, ரெண்டும் ஒரு காலத்துல ஒரே வார்த்தை, அர்த்தம் ‘அங்கருந்து விலகி’. ‘நேட்டிவ் ஆஃப் கொளச்சல்’னு எழுதும்போது அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உள்ள கிடக்கு.

சிக்கல் எங்கன்னா, எல்லா வேலையையும் ஒரே ஆளு செய்யுறதுதான். பிள்ளைக்க தலைப்புல இருந்த ஆறு ஆஃபையும் தமிழ்ல விரிச்சுப் பாத்தோம். ஸ்டடி ஆஃப் எஃபெக்ட், விளைவைப் பத்தின ஆய்வு. எஃபெக்ட் ஆஃப் யூஸ், பயன்படுத்தினதால வந்த விளைவு. யூஸ் ஆஃப் ரெயின் கார்ட்ஸ், கார்டைப் பயன்படுத்துறது. ரெயின் கார்ட்ஸ் ஆஃப் பாலிதீன், பாலிதீன்ல செஞ்ச கார்டு. யீல்ட் ஆஃப் லேடெக்ஸ், கிடைச்ச பாலுக்க அளவு. லேடெக்ஸ் ஆஃப் ட்ரீஸ், மரத்துல இருந்து வந்த பால். ஆறு ஆஃபுக்கும் ஆறு விதமான தமிழ்! நம்ம மொழி ஐ, ஆல், கு, இன், அது, கண்னு உருபு மாத்தி மாத்திப் போட்டும் பத்தாததுக்கு ‘பத்தி’, ‘செஞ்ச’, ‘இருந்து’ன்னு வார்த்தைய சேத்தும் சொல்லுறத அந்த ஒத்த வார்த்தை சொல்லுது. அப்ப அது உண்மையில என்ன சொல்லுது? ‘இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு’ன்னு மட்டும்தான். என்ன சம்பந்தம்னு வாசிக்கிறவரு கண்டுபிடிக்கணும். ஒரு தடவைன்னா கண்டுபிடிச்சிருவாரு, ஆறு தடவை வரிசையா கண்டுபிடிக்கச் சொன்னா தளந்து போவாரு, கைடு வட்டம் போட்டது அதுக்காகத்தான்னு எனக்குப் படுது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘தி இன்விடேஷன் ஆஃப் தி கலெக்டர்’னா கலெக்டர் யாரையோ கூப்பிட்டாரா, கலெக்டர யாரோ கூப்பிட்டாங்களா? ரெண்டுக்கும் இடம் இருக்கு. இது இங்கிலீஷுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. நம்ம பழைய உரைகாரங்க ‘புலி கொல் யானை’ன்னு ஒரு உதாரணம் காட்டுவாங்க, புலியக் கொன்ன யானையா, புலி கொன்ன யானையா, செஞ்சவரு யாரு பட்டவரு யாருன்னு தடுமாறுற பேச்சு. தொல்காப்பியம் இதுக்கு ‘தடுமாறு தொழிற்பெயர்’னு தனியாப் பேரே வச்சிருக்கு. அது அதங்கோட்டாசான் முன்னால அரங்கேறுனதா பாயிரம் சொல்லுது, அந்த அதங்கோடு நம்ம விளவங்கோட்டு அதங்கோடுதான்னு இங்க எல்லாருக்கும் நம்பிக்கை, அதனால இந்த தடுமாற்றத்த பத்தி நம்ம ஆளுங்க கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்தா நல்லதுன்னு நான் உண்மையாவே நினைக்கேன்.

இங்கிலீஷ் இதுக்கு வச்சிருக்க மருந்து, செஞ்சவருக்கு ‘பை’ போடுறது. ‘இன்விடேஷன் பை தி கலெக்டர்’னா கூப்பிட்டது அவரு. ‘இன்விடேஷன் டு தி கலெக்டர்’னா கூப்பிடப்பட்டது அவரு. ஒரு சின்ன வார்த்தை மாத்தினதுல சந்தேகம் போயிருச்சு.

இத நான் படிச்சது ஒரு மனுவுல. பல வருஷத்துக்கு முன்ன கடற்கரை ஊர்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, நாட்டுப்படகுக்காரரு, விசைப்படகு வந்து அவரு போட்டிருந்த வலைய அறுத்துட்டுப் போயிருச்சு. நஷ்டஈடு கேட்டு மனு. நான் சப்ஜெக்ட் லைன்ல ‘போட் நெட் டேமேஜ் காம்பென்சேஷன்’னு அடிச்சேன், சுருக்கமா அழகா இருக்குன்னு நினைச்சேன். ஆபீஸ்ல வாசிச்சவங்க அவருக்க சொந்தப் படகுல கிடந்த வலை தானா சேதமாச்சுன்னு எடுத்துக்கிட்டாங்க, அப்படி வாசிக்கவும் அதுல இடம் இருந்துச்சே. அவரு ஒரு நாள் கடலுக்குப் போகாம திரும்ப வந்து நின்னாரு. அதுக்குப் பிறகு மாத்தி அடிச்சது: ‘காம்பென்சேஷன் ஃபார் டேமேஜ் டு நெட்ஸ் பை மெக்கனைஸ்ட் போட்ஸ்’. ஃபார், டு, பை. எதுக்காக, எதுக்கு, யாரால. மூணு பிரிபோசிஷனும் மூணு தனித்தனி ஆளு மாதிரி நின்னு சாட்சி சொல்லுது. இதையே ‘காம்பென்சேஷன் ஆஃப் டேமேஜ் ஆஃப் நெட்ஸ் ஆஃப் போட்ஸ்’னு அடிச்சிருந்தா திரும்பவும் படகுக்க வலைன்னுதான் ஆகியிருக்கும்.

அதனால முதல் வழிய ரெண்டா பிரிச்சு பாக்கணும்னு பிள்ளைகிட்ட சொன்னேன். பிரிபோசிஷன் போடுறது வேற, எல்லாத்துக்கும் ஆஃப் போடுறது வேற. ஒவ்வொரு பேரும் தனக்குன்னு ஒரு துணைய வச்சிருக்கு, அது நம்ம சொல்லி மாறாது. எஃபெக்டுக்கும் இம்பாக்டுக்கும் ‘ஆன்’. டிமாண்டு, நீடு, ரிக்வெஸ்ட், ரீசனுக்கு ‘ஃபார்’, ஆனா காஸ் வந்தா ‘ஆஃப்’, ரீசனும் காஸும் நமக்கு ரெண்டும் காரணம்தான், அங்க கூட்டாளி வேற. ஆன்சர், சொல்யூஷன், டேமேஜுக்கு ‘டு’. டாக்ஸுக்கும் பேனுக்கும் ‘ஆன்’. இன்க்ரீசுக்கு ரெண்டு உண்டு, விலையில கூடுதல்னா ‘இன்க்ரீஸ் இன் பிரைஸ்’, பத்து ரூவா கூடுதல்னா ‘இன்க்ரீஸ் ஆஃப் டென் ருப்பீஸ்’, எதுலங்கிறதுக்கு இன், எவ்வளவுங்கிறதுக்கு ஆஃப். எனக்க கடைக்கு வர்ற புராஜெக்ட்ல அதிகமா திருத்துறது ‘டேமேஜ் ஆஃப்’, ‘டிமாண்ட் ஆஃப்’, ‘இம்பாக்ட் டு’, இந்த மூணும்தான். பேர மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, துணையோட சேத்து ஒரே வார்த்தையா மனப்பாடம் பண்ணுங்க, கல்யாண வீட்டுல புருஷன் பொஞ்சாதி பேர சேத்தே சொல்லுறோம்லா, அது மாதிரி.

இனி ரெண்டாவது வழி, அடுக்குறது. இதுக்கு எதிரா நிறைய பேரு எழுதுவாங்க, எனக்கு அப்படி இல்ல, இது நமக்கு ரொம்ப சொந்தமான வழி. தமிழ்ல இதுக்குப் பேரு தொகை. ‘வெள்ளக்குடம்’னா வெள்ளம், அதான் தண்ணி, வைக்குற குடம், நடுவுல இருந்ததெல்லாம் தொக்கி நிக்குது, யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. ரெயின் கார்ட், ரப்பர் ட்ரீ, கோகோனட் ஆயில் எல்லாம் அதே ஜாதி. இதுல ஒரு அழகான வித்தியாசம் கவனிச்சிருக்கியளா? ‘எ கப் ஆஃப் டீ’ன்னா உள்ள சாயா உண்டு. ‘எ டீ கப்’னா கப்பு மட்டும்தான், காலியா இருக்கலாம். ‘மேட்ச்பாக்ஸ்’னா பெட்டி, ‘பாக்ஸ் ஆஃப் மேட்ச்சஸ்’னா உள்ள குச்சியும் உண்டு. நம்மகிட்டயும் இது அப்படியே இருக்கு, ‘வெள்ளக்குடம்’னா குடம், ‘ஒரு குடம் வெள்ளம்’னா வெள்ளம், வரிசைய திருப்பிப் போட்டே அந்த வேலைய முடிச்சிருதோம். அவங்களுக்கு ஆஃப் தேவைப்படுது.

அதாவது அடுக்கினா அது ஒரு வகைக்குப் பேராகிடும். ஆஃப் போட்டா அது அந்த ஒரு பொருள சொல்லும். இத நம்ம மாவட்டத்துக்க புவிசார் குறியீட்டு பேருங்கள்ல நல்லாப் பாக்கலாம். ‘ஈத்தாமொழி டால் கோகோனட்’, ‘கன்னியாகுமரி க்ளோவ்’ 2021ல, ‘கன்னியாகுமரி மட்டி பனானா’ 2023ல, எல்லாம் அடுக்கினது. ஆனா நகைக்கு மட்டும் ‘டெம்பிள் ஜுவல்லரி ஆஃப் நாகர்கோவில்’. ஏன் இப்படி வச்சாங்கன்னு பதிவு செஞ்சவங்களத்தான் கேக்கணும், ஆனா வாசிக்கிறவனா எனக்குப் படுறத சொல்லுதேன். ஈத்தாமொழி நெட்டைங்கிறது ஒரு தென்னை வகை, ஊர்ப் பேரு வகைக்குள்ள கரைஞ்சு போச்சு. ‘டெம்பிள் ஜுவல்லரி’ங்கிறது ஏற்கனவே ரெண்டு பேரு சேந்து கெட்டியான ஒரு வகை, அது பல ஊர்லயும் உண்டு, அதுல நாகர்கோவில்ல செஞ்சது எதுன்னு பிரிச்சுக் காட்ட ஆஃப் வேணும். ‘நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரி’ன்னு அடுக்கியிருந்தா நாகர்கோவில் கோயிலுக்க நகைன்னும் வாசிக்கலாம், நாகராஜா கோயிலே நம்ம ஊர்ல இருக்கும்போது அந்த சந்தேகம் ரொம்ப சுலபமா வரும். ஒரு ஆஃப் அந்த சந்தேகத்த துடைச்சுப் போட்டுருச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆஃப் இது.

அடுக்குறது எப்ப கெட்டுப்போகும்? எண்ணிக்கை கூடும்போது. ரெண்டு பேருன்னா ஒரே மாதிரிதான் சேக்க முடியும். மூணு பேரு வந்தா ரெண்டு மாதிரி, நாலு வந்தா அஞ்சு மாதிரி, அஞ்சு வந்தா 14 மாதிரி. கணக்குப் படிச்சவங்களுக்கு இது கேட்டலான் எண்கள்னு தெரியும். பிள்ளை அடுக்கி வச்ச தலைப்புல பத்துக்கு மேல பேரு கிடக்கு, எந்தப் பேரு எதோட ஒட்டிக்கிடக்குன்னு வாசிக்கிறவரு எங்கன போய் தேடுவாரு? அதோட அடுக்குல என்ன சம்பந்தம்னும் சொல்லல. நியாயமா சொல்லணும்னா, பிரிபோசிஷன் போட்டாலும் எது எதோட ஒட்டுதுங்கிற குழப்பம் முழுசாப் போகாது. ‘லோன் ஃபார் ஃபிஷர்மென் வித் போட்ஸ்’னா படகு வச்சிருக்க மீனவருக்கு லோனா, லோனோட சேத்து படகும் தர்றாங்களா? ஆனா பிரிபோசிஷன் இருந்தா சம்பந்தம் என்னங்கிறதாவது கைக்கு கிடைக்கும், அடுக்கினா அதுவும் கிடையாது.

இடையில ஒரு சின்ன விஷயம், அடுக்கும்போது முன்னால வர்ற பேரு பெரும்பாலும் ஒருமையிலதான் நிக்கும், பனானா சிப்ஸ், டூ வீலர் பார்க்கிங், டென் ருப்பீ நோட். ஆஃப் போட்டா பன்மை திரும்ப வந்துரும், ‘எ பன்ச் ஆஃப் பனானாஸ்’. கடை போர்டுல ‘டூ வீலர்ஸ் பார்க்கிங்’னு பாக்கும்போது எனக்கு கை துறுதுறுங்கும். அதே மாதிரி பன்மைக்கான எஸ் எப்பவும் முக்கியமான பேருக்குத்தான், ரெண்டு எஸ்.பி. வந்தா ‘சூப்பரின்டென்டன்ட்ஸ் ஆஃப் போலீஸ்’, ரெண்டு கலெக்டர் வந்தா ‘டிஸ்ட்ரிக்ட் கலெக்டர்ஸ்’, ஒண்ணுல முன்னால ஒண்ணுல பின்னால. எது முக்கியமான பேருன்னு தெரியலைன்னா பன்மையாக்கிப் பாத்தா போதும்.

அப்பாஸ்ட்ரஃபி எஸ் ஒரு தனி வழி, பிள்ளைக்க தலைப்புக்கு அது பெருசா உதவாது, ஆனா மனுவுக்கும் கடிதத்துக்கும் ரொம்ப வேணும். இத நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்லிக் குடுக்குறது சுலபம், ஏன்னா நம்ம பேச்சுல உள்ள ‘க்க’ அதேதான். எனக்க வீடு, அவளுக்க புக்கு, மாமனுக்க கடை. நீங்க ‘க்க’ போட்டு பேசுற இடம், அதுவும் ஆளு, ஊரு, நாள் கணக்குன்னா அங்க அப்பாஸ்ட்ரஃபி எஸ் பெரும்பாலும் சரியா வரும், ‘மை அங்கிள்ஸ் ஷாப்’, ‘எ டேஸ் வேஜ்’. உயிரில்லாத பொருளுக்க பாகம்னா ஆஃப் அல்லது அடுக்கு, மேசைக்க காலுக்கு ‘டேபிள் லெக்’ போதும். அப்புறம் நீளம். ‘வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சாயக்கடை வச்சிருக்கவருக்க மக’ன்னு தமிழ்ல கடைசியில ஒரே ஒரு ‘க்க’ போட்டு முடிச்சிரலாம், கேக்கிறவங்க காத்திருப்பாங்க. இங்கிலீஷ்ல அவ்வளவு நீளத்துக்கு அப்புறம் ஒரு எஸ் போட்டா தாங்காது, ‘தி டாட்டர் ஆஃப் தி மேன் ஹூ...’ன்னு திருப்பணும். நீளமானது பின்னால போகணும், அதுக்கு ஆஃப்தான் வண்டி. இன்னொண்ணு, ‘எ ஃபோட்டோ ஆஃப் மை அங்கிள்’னா படத்துல மாமா இருக்காரு, ‘எ ஃபோட்டோ ஆஃப் மை அங்கிள்ஸ்’னு கடைசியில எஸ் போட்டா படம் மாமாவுக்க கைல உள்ளது, படத்துல யாரு வேணா இருக்கலாம்.

ஆபீஸ் இங்கிலீஷ்ல கமாவே பிரிபோசிஷன் வேலைய பாக்கும், ‘தி தாசில்தார், விளவங்கோடு தாலுக், கன்னியாகுமரி டிஸ்ட்ரிக்ட்’. முகவரிக்கு அது போதும், வாக்கியத்துக்குள்ள கொண்டு வராதீங்க.

மூணாவது வழி வினைச்சொல்லுக்கு மாறுறது. நேர்மையா சொல்லணும்னா எழுத்துக்குள்ள இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. ‘தி யூஸ் ஆஃப் ரெயின் கார்ட்ஸ் பை ஃபார்மர்ஸ் லெட் டு அன் இன்க்ரீஸ் இன் தி யீல்ட்’னு நீட்டி எழுதுறத ‘ஃபார்மர்ஸ் ஹூ யூஸ்ட் ரெயின் கார்ட்ஸ் காட் மோர் லேடெக்ஸ்’னு சொல்லிட்டா பிரிபோசிஷனே இல்லாம முடிஞ்சுது, யாரு என்ன செஞ்சாங்கன்னு பளிச்சுன்னு தெரியுது. வலைக்கார அண்ணனுக்க மனுவுலயும் உள்ள எழுதினது அப்படித்தான், இன்ன நாள் ராத்திரி ஒரு விசைப்படகு என் வலைய அறுத்ததுன்னு நேரா. தமிழ்ல ஒருத்தரு வந்து குறை சொல்லும்போது ‘வலை சேத நஷ்டஈடு’ன்னா சொல்லுதாரு? ‘படகு வந்து அறுத்துட்டுப் போச்சு, அதுக்கு காசு வேணும்’னுதான் சொல்லுதாரு. அவரு வாயில வந்த வினைச்சொல்ல தூக்கிப்போட்டுட்டு பேருங்களா மாத்தி, அப்புறம் அந்தப் பேருங்கள கோக்க பிரிபோசிஷன் தேடுறது நம்ம செஞ்சு வைக்குற வேலை. ரெண்டு ஆஃப் அடுத்தடுத்து வந்தா முதல்ல நான் தேடுறது, உள்ள எங்கயாவது ஒரு வினைச்சொல் பேரு வேஷம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்னுதான். யூஸ், அனாலிசிஸ், இம்ப்ரூவ்மென்ட், இம்ப்ளிமென்டேஷன், இதுங்கதான் பெரும்பாலும் மாட்டும்.

ஆனா தீசிஸ் தலைப்புன்னா அது ஒரு பேரு மாதிரிதான் இருக்கணும்னு எதிர்பாக்காங்க, லைப்ரரில தேடுறவங்களும் பேர வச்சுத்தான் தேடுவாங்க. ‘ஹௌ’ போட்டு ஆரம்பிக்கிறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, அவளுக்க டிபார்ட்மென்ட்ல அப்படி ஒருத்தரும் வச்சதில்லைன்னு அவ சொன்னா, இருக்குற சண்டை போதும்னு அத விட்டோம்.

அப்ப எத எங்க? நாங்க முடிவு பண்ணின விதம் இது. வாசிக்கிறவருக்கு அந்த சம்பந்தம் ஏற்கனவே தெரியுமா? தெரிஞ்சா அடுக்கு. ரெயின் கார்டுன்னா மழைக்கு எதிரான காப்புன்னு ரப்பர் துறையில எல்லாருக்கும் தெரியும், லேடெக்ஸ் யீல்டும் அப்படித்தான், அதுக்குள்ள ஆஃப் நுழைக்க வேண்டாம். பாலிதீன் ரெயின் கார்டும் புரியும், எதுல செஞ்சதுங்கிறது அடுக்கினா சிரமம் தர்றதில்ல. ஆனா ரெயின் கார்டுக்கும் லேடெக்ஸ் யீல்டுக்கும் உள்ள சம்பந்தம்தான் இவளுக்க ஆராய்ச்சியே, அது வாசிக்கிறவருக்குத் தெரியாது, தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு? அந்த இடத்துல பிரிபோசிஷன் கட்டாயம் வேணும், அதுவும் ஆஃபும் ஆனும் ஜோடியா. எதுக்க விளைவு, எது மேல விளைவு. ‘எஃபெக்ட் ஆஃப் ஒண்ணு ஆன் இன்னொண்ணு’, இந்த சட்டத்த அசைக்கக் கூடாது.

வெட்ட வேண்டியத வெட்டினோம். ‘எ ஸ்டடி ஆஃப்’ போச்சு, தீசிஸ்னாலே ஸ்டடிதான். ‘தி யூஸ் ஆஃப்’ போச்சு, மரத்துல கெட்டாத கார்டு எப்படி பால கூட்டும்? ‘ஆஃப் பாலிதீன்’ முன்னால வந்து அடுக்குல உக்காந்துச்சு. ‘யீல்ட் ஆஃப் லேடெக்ஸ் ஆஃப் ரப்பர் ட்ரீஸ்’ங்கிறது லேடெக்ஸ் யீல்ட் ஆச்சு, ரப்பர் போய் தோட்டத்தோட ஒட்டிக்கிட்டு ரப்பர் ஸ்மால்ஹோல்டிங்ஸ் ஆச்சு. கடைசியில ரெண்டு ‘இன்’ பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, ‘இன் ஸ்மால்ஹோல்டிங்ஸ் இன் விளவங்கோடு தாலுக்’. அதுல ரெண்டாவது இன்ன ஆஃபா மாத்தச் சொன்னேன். “மாமா, ஆஃப குறைக்கத்தானே வந்தோம்”னு கேட்டா. குறைக்க வந்தது ஆஃபுங்கிறதுக்காக இல்ல மக்ளே, ஒரே வார்த்தை அடுத்தடுத்து வந்து வாசிக்கிறவர திணற வைக்குதுங்கிறதுக்காக. அளந்து பாத்த இடம் தோட்டம், அதுக்கு இன். அந்தத் தோட்டங்க எந்த தாலுக்காவைச் சேந்தது, அதுக்கு ஆஃப். ரெண்டும் வேற வேற சம்பந்தம், வேற வேற வார்த்தை.

முடிவா வந்தது: ‘எஃபெக்ட் ஆஃப் பாலிதீன் ரெயின் கார்ட்ஸ் ஆன் லேடெக்ஸ் யீல்ட் இன் ரப்பர் ஸ்மால்ஹோல்டிங்ஸ் ஆஃப் விளவங்கோடு தாலுக்’. நாலு பிரிபோசிஷன், ரெண்டு ஆஃப், ரெண்டுக்கும் நடுவுல நல்ல தூரம். அவ அத உரக்க வாசிச்சா, ஒரு தடவ கூட மூச்சு வாங்கல. திங்கக்கிழமை கைடு கையெழுத்துப் போட்டுட்டாருன்னு போன் பண்ணினா.

இப்ப எனக்க மேசையில கிடக்குறது ஒரு லேபிள். மாறாமலைப் பக்கத்துல இருந்து கிராம்பு வாங்கி பாக்கெட் போடுற ஒரு மகளிர் குழு, ‘க்ளோவ் ஆஃப் கன்னியாகுமரி’ன்னு போடணும், கேக்க கம்பீரமா இருக்குன்னு சொல்லுதாவ. கம்பீரம் உண்டு, மறுக்கல. ஆனா பதிவான பேரு ‘கன்னியாகுமரி க்ளோவ்’, அத திருப்பிப் போட்டா அது வேற பேரு, கன்னியாகுமரியில விக்கிற எந்தக் கிராம்பையும் சொல்லுற மாதிரி அந்த ஆஃபுக்கு அர்த்தம் வரும், வெளியூர்ல இருந்து வந்ததாக்கூட இருக்கலாம். பதிவான பேரப் போட அங்கீகாரம் வாங்கின பயனாளியா அவங்க இருக்கணும், அத வாங்கியாச்சான்னு கேட்டிருக்கேன். வாங்கியிருந்தா பெரிய எழுத்துல அடுக்கினபடி பேரு, அடியில சின்ன எழுத்துல ‘ஃப்ரம் தி ஹில்ஸ் ஆஃப் கன்னியாகுமரி டிஸ்ட்ரிக்ட்’. அவங்க ஆசப்பட்ட ஆஃப் அங்க வந்துருது. நாளைக்கு புரூஃப் பாக்க வர்றாவ.